20,000 ரூபாய், ஒரு போட்டோ ஆசை: புதுப் போனா, பழைய டிஎஸ்எல்ஆரா, இருக்கிற போனே போதுமா?

கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பையன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்திருக்கான். போட்டோகிராபி கத்துக்கணும்கிறான். ஒரு இருபதாயிரம் எடுத்து வச்சிருக்கோம். நல்ல போனா வாங்கிக் கொடுத்துடலாமா, இல்ல செகண்ட்ஸ்ல கேமரா பார்க்கலாமா?" பையன் இருக்கும் இடத்தில் சில சமயம் பொண்ணு இருப்பாள், சில சமயம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரே இருப்பார். தொகை மட்டும் ஏறக்குறைய மாறுவதில்லை.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்ப கையில என்ன போன் இருக்கு?" எதிர்முனையில் சின்னத் தயக்கம். ஏனென்றால் மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. காசைத் தொடாமல், சட்டைப்பையில் கிடக்கும் போனிலேயே தொடங்குவது, அதற்குத் துணையாக இரண்டு மூன்று இலவச ஆப்களைப் போட்டுக்கொள்வது என்பதுதான் அந்த வழி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் பெரும்பாலோருக்கு மூன்றாவது வழிதான் முதல் படி. அதில் முட்டி நிற்கும்போது பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா. படம் கற்றுக்கொள்வதற்காகவே புதுப் போன் வாங்குவது கடைசி. வீடியோ என்றால் இந்த வரிசை புரண்டுவிடும். அதைப் பிறகு சொல்கிறேன். "எதில் படம் நன்றாக வரும்?" என்று நான் பார்ப்பதில்லை. எந்தக் கருவி முடிவுகளை நம் கையில் விடுகிறது என்று பார்க்கிறேன்.

போன் நமக்காக எடுக்கும் முடிவுகள்

போனில் வட்டப் பொத்தானைத் தொடுகிறோம், ஒரு படம் வருகிறது. நடுவில் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. கேமரா ஆப்பைத் திறந்த நிமிடத்திலிருந்தே போன் படங்களை எடுத்துத் தற்காலிகமாக வைத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டதும் அவற்றில் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைத்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தைத் தேடிப் பிடித்து, ஓரங்களைக் கூர்மையாக்கி ஒரே ஜேபெக் கோப்பாகக் கொடுக்கிறது. கூகுள் தன் நெக்ஸஸ் போன்களில் 2013 வாக்கில் எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய வேலை இது. 2018 இறுதியில் பிக்சல் போன்களுக்கு வந்த நைட் சைட் அதை இருட்டுக்கும் கொண்டுபோனது. இன்று பட்ஜெட் போன்கள்வரை இதன் ஏதோவொரு வடிவம் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று பார்க்க, திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு விடியும் முன்னே போங்கள். பூக்கடையில் ஒற்றைக் குண்டு பல்பு, கீழே மல்லிகைக் குவியல், பின்னால் முழு இருட்டு. கண்ணுக்கு அது பொன்னிற வெளிச்சத்தில் மிதக்கும் காட்சி. போன் ஆட்டோவில் எடுத்துக் கொடுப்பதோ காலை பத்து மணி மார்க்கெட்: பின்னால் அடுக்கிய சாக்குமூட்டைகூடத் தெளிவாகத் தெரியும், பூ வெள்ளைவெளேர் என்று இருக்கும், பல்பின் மஞ்சள் பாதி போயிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். எடுத்தவருக்கு மட்டும், தான் பார்த்தது இது இல்லையே என்று உறுத்தும். அந்த உறுத்தல் வந்தவர்தான் கற்றுக்கொள்ளத் தயாரானவர்.

முகத்தில் நடப்பது இதைவிட மோசம். பல போன்களில் முன்பக்கக் கேமராவின் பியூட்டி மோட் கடையிலிருந்து வரும்போதே ஆன் ஆகித்தான் இருக்கும். கறுத்த முகம் ஒரு ஷேடு வெளுக்கும், தாடை ஒடுங்கும், அம்மைத் தழும்பு காணாமல் போகும். நம்மூர்ப் பிள்ளைகள் தங்கள் முகத்தையே அந்த ஒரு ஷேடு தள்ளிப் பார்த்துப் பழகிவிட்டார்கள். என் வகுப்பில் முதல் வேலை, எல்லோர் போனிலும் பியூட்டியையும், காட்சியை அடையாளம் கண்டு நிறத்தை மாற்றும் ஏஐ சீனையும் அணைப்பது. அணைத்ததும் எடுக்கும் முதல் செல்ஃபியைப் பார்த்து நாலு பேராவது முகம் சுளிப்பார்கள். பத்து நாளில் பழகிவிடும்.

2023 மார்ச்சில் சாம்சங் நிலா விவகாரம் ஓடியது நினைவிருக்கலாம். ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் போட்டு, அதைப் போனால் ஜூம் செய்து எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் போன் எடுத்த படத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டிக் காட்டும் ஏற்பாடு அது என்று நிறுவனம் விளக்கியது. ஏமாற்றா இல்லையா என்ற சண்டை நமக்கு வேண்டாம். கற்றுக்கொள்கிறவருக்கு இருக்கும் சிக்கல் வேறு: படம் நன்றாக வந்தால் அதில் தன் கை எவ்வளவு, போனின் கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மோசமாக வந்தாலும் அதே கதைதான்.

இருக்கிற போனில் எவ்வளவு தூரம் போகலாம்

நினைப்பதைவிடத் தூரமாகவே போகலாம். கேமரா ஆப்பில் 'மோர்' என்ற இடத்தில் 'ப்ரோ' என்று ஒன்று ஒளிந்திருக்கும். நான்கைந்து வருடப் பழைய பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்களில்கூடப் பெரும்பாலும் உண்டு. இல்லையென்றால் 'ஓப்பன் கேமரா' என்ற இலவச ஆப் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஐபோன்காரர்களுக்கு லைட்ரூம் மொபைல் ஆப்பிலேயே கைமுறைக் கேமரா ஒன்று உண்டு.

ப்ரோவுக்குள் போனதும் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது), ஃபோகஸ் (எது கூர்மையாக இருக்க வேண்டும் என்பது) ஆகிய நான்கும் கைக்கு வந்துவிடும். முதல் பாடத்துக்கு வீட்டுச் சீலிங் ஃபேன் போதும். ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து எடுத்தால் இறக்கைகள் நின்றுபோன மாதிரி இருக்கும், படம் இருண்டிருக்கும். பிரகாசமாக்க ஐஎஸ்ஓவை ஏற்றினால் சுவரெல்லாம் மணல் தூவியது போலாகும். 1/10 நொடியில் வைத்தால் ஃபேன் ஒரு வட்டத் தட்டாகிவிடும், கை நடுக்கமும் சேர்ந்து தெரியும். ஷட்டருக்கும் ஐஎஸ்ஓவுக்கும் இருக்கும் கொடுக்கல்வாங்கல் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். இதே பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் பரீட்சைக்கு மறுநாளே மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது டியூப்லைட். எல்இடி பல்பு எரியும் அறையில் 1/500 வைத்துப் பாருங்கள். பல பல்புகளுக்குப் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். பிள்ளைகள் போன் கெட்டுப்போச்சு என்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவந்தால் பட்டைகள் மறைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்குக்கு அடியில் எடுக்கும்போது இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், பாதிப் படங்கள் பிழைக்கும்.

மூன்றாவது, மார்கழிக் கோலம். தண்ணீர் தெளித்த கறுப்பு வாசல், அதில் வெள்ளை இழைகள். படத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால், வெளிச்சம் குறைவு என்று கேமரா முடிவுகட்டிப் படத்தைப் பிரகாசமாக்கிவிடும். வாசல் சாம்பல் நிறமாகும், கோலமாவின் இழை வெளுத்து ஒன்றோடொன்று கலந்துவிடும். திரையில் கோலத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் கறுப்பு கறுப்பாகும், வெள்ளையில் மாவின் திப்பிகூடத் தெரியும். டிஎஸ்எல்ஆரிலும் இதே தொல்லை உண்டு, தீர்வும் இதேதான். அதனால் போனில் கற்றது வீண் போகாது.

இதற்கு மேல் ரா கோப்பு: மென்பொருள் மெருகேற்றும் முன், சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) பதிந்தது. ஆண்ட்ராய்டு 2014இல் 5.0 பதிப்பிலும், ஐபோன் 2016இல் ஐஓஎஸ் 10இலும் இதற்கு வழி திறந்துவிட்டன. ஆனால் எல்லா நிறுவனங்களும் எல்லா மாடலிலும் அதை வெளியே விடுவதில்லை. ஓப்பன் கேமராவின் அமைப்புகளில் 'கேமரா ஏபிஐ' என்ற தேர்வை 'கேமரா2' என்று மாற்றிப் பாருங்கள்; ரா என்ற தேர்வு எட்டிப் பார்த்தால் உங்கள் போனுக்கு உண்டு. முதல் ரா படத்தைப் பார்க்கும் மாணவர்களுக்கு அதிர்ச்சிதான்: மங்கல், இரைச்சல், மூலைகளில் இருட்டு. போனின் சென்சார் பார்த்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் மென்பொருள் போட்ட மேக்கப் என்று அப்போதுதான் புரியும். ஒரு எச்சரிக்கை: 12 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 24 எம்பி வரும். 64 ஜிபி போனில் கண்டமேனிக்கு எடுத்தால் ஒரே வாரத்தில் 'இடமில்லை' என்று கத்தும்.

போன் எங்கே கைவிடும் என்பதும் தெரிய வேண்டும். அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. பெரும்பாலான போன்களில் அது மாறவே மாறாது, எஃப் 1.8 (எண் சின்னதானால் துளை பெரிது) என்றால் ஆயுசுக்கும் அதுதான். (சாம்சங் 2018இல் எஸ்9 போனில் இரண்டு நிலை அப்பர்ச்சர் வைத்தது, பிறகு அதுவே கைவிட்டது. சியோமி, ஹுவாவே நிறுவனங்களின் சில விலையுயர்ந்த மாடல்களில் மட்டும் இன்னும் பார்க்கலாம்.) பின்னணி மங்குவதைப் போர்ட்ரெய்ட் மோட் கணக்குப்போட்டுச் செய்கிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரப் பூக்களையும், ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள வெளியையும் பெரிதாக்கிப் பாருங்கள், கணக்கு எங்கே தப்பியது என்று தெரியும். பூவில் பாதி கரைந்திருக்கும், கழுத்தோரம் மங்க வேண்டிய சுவர் கூர்மையாக நிற்கும். தூரத்துப் பறவை, கபடி, இரவு நாடக மேடை இவற்றிலும் போன் தடுமாறும்.

எடுத்த பிறகு எதில் திருத்துவது

இது தனிச் சண்டை. என் அனுபவத்தில் போன் வாங்குவதைவிட இந்தத் தேர்வுதான் கற்றலை அதிகம் மாற்றுகிறது.

கூகுள் போட்டோஸ் எல்லோரிடமும் இருக்கிறது. பொருளை அழிக்கும் மேஜிக் எரேசரை 2024 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வீட்டுப் படத்துக்கு அது வரப்பிரசாதம். கற்றுக்கொள்கிறவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. கோபுரத்தின் குறுக்கே மின்கம்பி போனால் இரண்டடி நகர்ந்து பார்க்க வேண்டும், குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அழித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிட்டால் கால் நகராது. சேமிப்புக்கும் இதை மட்டுமே நம்ப வேண்டாம். 2021 ஜூன் முதல் 15 ஜிபிதான் இலவசம், அதையும் ஜிமெயிலோடு பங்கு போட வேண்டும்.

ஸ்னாப்சீட் என் முதல் தேர்வு. நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011இல் ஐபேடுக்காகக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கியது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, நெட் இல்லாமலும் ஓடும், பணமும் கேட்காது. இதில் எனக்குப் பிடித்தது 'செலக்டிவ்' கருவி: முகத்தில் ஒரு புள்ளி வைத்து, விரலால் எல்லையைச் சுருக்கி, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். செய்த வேலைகளைப் படிப்படியாகப் பட்டியல் போட்டுக் காட்டும். நடுவில் ஒரு படியை மட்டும் திறந்து மாற்றலாம். மாணவர் என்ன செய்தார் என்று பின்னால் போய்ப் பார்க்க வாத்தியாருக்கு இதைவிட வசதி கிடையாது.

லைட்ரூம் மொபைல் அடுத்த நிலை. மூலப் படத்தைத் தொடவே தொடாது; ஒவ்வொரு மாற்றமும் தனிக் குறிப்பாகத்தான் இருக்கும். வெளிச்சம், நிறம், கர்வ் (ஒளி-நிழலைச் சரிசெய்யும் வளைகோடு) எல்லாம் இலவசம். மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் திருத்துவது), ஹீலிங் (கறையை அழிப்பது) போன்றவற்றுக்குச் சந்தா. இதற்குள்ளேயே பாடப்பகுதி ஒன்று உண்டு: ஒரு படத்தைக் கொடுத்து, இந்த ஸ்லைடரை இவ்வளவு நகர்த்து என்று கையைப் பிடித்து அழைத்துப்போகும். இங்கிலீஷில்தான் இருக்கிறது, அது சிலருக்குத் தடை. ஆனாலும் ஸ்லைடர் நகர்வதைப் பார்த்தே பாதி விளங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஜேபெக்கில் எடுக்கும்வரை ஸ்னாப்சீட், ராவுக்கு மாறும் நாளில் லைட்ரூம். சந்தா கட்டப் பிடிக்காது, வீட்டில் கணினி இருக்கிறது என்றால் டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் என்ற மூன்று மென்பொருள்களும் இலவசம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் டார்க்டேபிள் மூச்சு வாங்கும். உலாவியிலேயே திறக்கும் ஃபோட்டோபீ அப்படிப்பட்ட இடத்தில் கைகொடுக்கும். ப்ரீசெட் (ஒரே தட்டில் படத்தில் பூசும் ஆயத்த நிறக் கலவை) பக்கம் மட்டும் போகாதீர்கள். இன்ஸ்டாகிராமில் தஞ்சைப் பெரிய கோயிலும் மகாபலிபுரமும் தனுஷ்கோடியும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் மின்னுவதற்கு அவைதான் காரணம்.

பழைய டிஎஸ்எல்ஆர்

இந்தத் தொகைக்குள் தேடினால் கேனன் 1300டி, நிகான் டி3300 வகையறா, 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்) கண்ணில் படும். பத்து வருடம் தாண்டிய வடிவமைப்புகள். ஆனாலும் பரப்பளவு என்ற ஒன்றில் புதுப் பட்ஜெட் போன் கிட்டவே வராது. 50 மெகாபிக்சல் என்று பின்னால் எழுதியிருக்கும் பல போன்களின் சென்சார் சுமார் 5 மி.மீ. அகலம்தான். 18 மெகாபிக்சல் 1300டியின் சென்சார் 22.3 x 14.9 மி.மீ. பரப்பில் 15 மடங்குக்கு மேல். அதனால் நிழலில் இரைச்சல் குறைவு, ராவில் தோண்டியெடுக்க நிறைய இருக்கும், பின்னணி மங்குவது கண்ணாடியிலேயே நடக்கும்.

கற்றலுக்கு அதைவிடப் பெரிய லாபம், இந்தக் கேமரா உங்களுக்காகப் பெரிதாக எதையும் செய்யாது. எம் (மேனுவல்) மோடில் வைத்தால் தவறு முழுக்க உங்களுடையது, சரியும் உங்களுடையது. நிகானின் இந்த வரிசையில் 'கைடு' என்று ஒரு மோட் உண்டு. பின்னணியை மங்கலாக்கணுமா, அசைவை உறைய வைக்கணுமா என்று கேட்டு, அதற்கு எந்த எண்ணை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். வாத்தியார் இல்லாத ஊரில் இருப்பவருக்கு நிகானைச் சொல்ல எனக்கு இது ஒன்றே காரணம். அது போக, போன் கால் வராது, ரீல்ஸ் வராது. கேமராவோடு வெளியே போன பிள்ளை கேமராவோடு மட்டும்தான் இருப்பான்.

கிட் லென்ஸோடு நிறுத்தாமல், கொஞ்சம் சேர்த்துவைத்து ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால்தான் டிஎஸ்எல்ஆரின் அருமை தெரியும். கேனனில் 2015இல் வந்த எஸ்டிஎம் மாடல் செகண்ட்ஸில் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சென்சார் சின்னதான இந்த உடலில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், அதாவது காட்சி நெருங்கித் தெரியும், முகங்களுக்குக் கச்சிதம். நிகான் வாங்குகிறவர் உஷாராக இருக்க வேண்டிய இடம்: டி3000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 'டி' லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

செலவு கேமராவோடு முடியாது. மெமரி கார்டு, உபரி பேட்டரி, பை, படத்தைப் போனுக்குக் கொண்டுவர ஓடிஜி கார்டு ரீடர். கடலோர ஊர் என்றால் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

வீடியோ என்று வந்தால் இந்தப் பழைய உடல்களை மறந்துவிடலாம். 1300டியில் 4கே கிடையாது, வீடியோவின்போது ஆட்டோ ஃபோகஸ் தவிக்கும், வெளி மைக் சொருகத் துளையும் இல்லை. சாதாரணப் போனே மேல். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் 2023இல் ஐபோனுக்கும், அடுத்த வருடம் ஆண்ட்ராய்டின் சில மாடல்களுக்கும் வந்தது. சினிமாக்காரர்கள் பார்க்கும் அலகுகளோடு ஷட்டரையும் நிறத்தையும் பூட்டிவைத்து எடுக்கலாம்.

புதுப் போன்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்தத் தொகையில் கிடைக்கும் புதுப் போன், இருக்கிற போன் செய்வதையே கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் பளபளப்பாகச் செய்யும். கற்றலில் புதிதாக எதையும் சேர்க்காது. பின்னால் மூன்று கண் இருக்கிறதே என்பார்கள். அதில் இரண்டு பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும் (கிட்டத்தில் எடுக்க) டெப்த்தும் (தூரத்தை அளக்க), அவை வெறும் அலங்காரம். 50 மெகாபிக்சல் என்பதும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரும்பாலும் 12.5 மெகாபிக்சலாகத்தான் கையில் வரும். அதில் தவறில்லை, 12 மெகாபிக்சலே ஏ4 தாளில் நன்றாக அச்சாகும். பெட்டியில் இருக்கும் எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் சொல்ல வந்தது.

இருக்கிற போன் நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கிறது, எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மெகாபிக்சலை விட்டுவிட்டு நான்கைப் பாருங்கள்: பிரதான கேமராவில் ஓஐஎஸ் (கை நடுக்கத்தைக் கேமராவே சமாளிக்கும் வசதி) இருக்கிறதா, கேமரா ஆப்பில் ரா இருக்கிறதா, அல்ட்ராவைட் (அகலக் காட்சி லென்ஸ்) உண்டா, 128 ஜிபியாவது இருக்கிறதா. வீடியோவும் ரீல்ஸும் கடைக்கான விளம்பரமும்தான் வேலை என்றால் மட்டும் புதுப் போனை முதலிடத்துக்குக் கொண்டுவருவேன். அங்கே ஓஐஎஸ் சோறு போடும்.

அப்படியானால் யாருக்கு எது?

எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு எதையும் வாங்காதீர்கள். அப்பாவின் பழைய போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். ஸ்டாப் மோஷன் ஆப் ஒன்றை இறக்கி, களிமண் பொம்மையோ புளியங்கொட்டையோ நகர்த்தி ஒரு குட்டிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 12 படம் என்றால் பத்து நொடிக் கதைக்கு 120 தடவை பொம்மையை நகர்த்த வேண்டும். போன் அசையக்கூடாது, ஜன்னல் வெளிச்சம் மாறக்கூடாது, ஃபோகஸ் பூட்டியிருக்க வேண்டும். பொறுமையும் வெளிச்சமும் இதில் தானாக வந்துவிடும்.

அறிவியல் ஆசிரியருக்கும் போன்தான், சந்தேகமே வேண்டாம். பள்ளி வளாகத்துச் செடி, பூச்சி, சிலந்திகளைப் பிள்ளைகள் படமெடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், உலகத்தின் ஏதோவொரு மூலையிலிருந்து யாராவது பெயர் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கே தேவைப்படாத 'சீக்' ஆப் அதே ஆட்களிடமிருந்து வந்தது. இடம், தேதி எல்லாம் போன் படத்தோடு சேர்த்துப் பதிந்துகொள்கிறது. 1300டியில் அதற்கு ஜிபிஎஸ் கிடையாது. பிள்ளைகளின் வீட்டைச் சுற்றி எடுத்த படங்களுக்கு மட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள்.

ஊர்க் கோயில், ஏரி மதகு, நடுகல் என்று ஆவணப்படுத்தும் ஆசை இருப்பவருக்கும் போன் போதும். விக்கிமீடியா காமன்ஸில் (விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியம்) ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியாவில் படமில்லாமல் கிடக்கும் கட்டுரைக்கு உங்கள் படம் போய்ச் சேரும். ஆனால் அங்கே கொடுக்கும் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, பெயர் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் வியாபாரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம். தெரிந்தே கொடுங்கள். படத்தை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும், எந்த ஷட்டர், எந்த ஐஎஸ்ஓ என்ற எக்ஸிஃப் விவரமும் போய்விடும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த விவரம்தான் வீட்டுப்பாடம்.

விஸ்காம் மாணவருக்கு? முதல் செமஸ்டர் முழுக்க இருக்கிற போன், ப்ரோ மோட், ஸ்னாப்சீட். பெரும்பாலான கல்லூரிகளில் துறைக்கென்று ஒன்றிரண்டு கேமராக்கள் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கிப் பழகலாம். பின்னணி மங்கவில்லை, மேடை நாடகம் எடுக்க முடியவில்லை, தூரம் எட்டவில்லை என்று குறிப்பாகப் புகார் சொல்ல ஆரம்பித்தால் அப்போது அந்த இருபதாயிரத்தை எடுங்கள். "கேமரா இல்லாததால எடுக்கல" என்று பொதுவாகச் சொன்னால் இன்னும் நேரம் வரவில்லை. கல்யாண வேலைக்கு அசிஸ்டென்டாகப் போகிற எண்ணம் இருந்தால் கதை வேறு. போனோடு போனால் மண்டபத்தில் யாரும் ஃபிளாஷ் பிடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள், நேராக டிஎஸ்எல்ஆர்தான்.

செகண்ட்ஸ் கேமரா வாங்கப் போகும் அன்று பகலில் போங்கள், சொந்த மெமரி கார்டு கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். தூசி பரவாயில்லை, நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, வேண்டாம். எஃப் 22 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் ஒட்டிய கறை எல்லாம் தெரியும். லென்ஸ் மூடியை மாட்டிக்கொண்டே ஷட்டரைச் சில நொடி திறந்து வைத்து எடுத்தால் கோளாறான புள்ளிகள் நட்சத்திரமாக மின்னும். கார்டு சொருகும் இடத்தில் ஊசி எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிகான் என்றால் ஒரு படம் எடுத்து எக்ஸிஃப் பார்க்கும் தளம் ஒன்றில் போட்டால் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று எண்ணே வந்துவிடும். இந்த வகை உடல்களுக்கு ஒரு லட்சம் என்பது பொதுவான அளவு, பாதிக்குள் இருந்தால் நல்லது. கேனனின் இந்த மாடல்களில் அந்த எண் படத்தில் பதிவாகாது. விற்பவர் "அஞ்சாயிரம்தான் சார் ஓடியிருக்கு" என்று சொன்னால் கைப்பிடி ரப்பரின் வழுவழுப்பையும் ஷட்டர் பொத்தானின் தேய்மானத்தையும் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பில் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். திருட்டுக் கேமரா கைக்கு வந்தால் அலைச்சல் நமக்குத்தான்.